மழையில் நிற்கும், குளத்தில் கரையும்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன் சார். இப்போது நான் சொல்லப் போவதில் பாதிதான் கண்ணால் பார்த்தது. தொட்டிக்கரையில் நடந்தது முழுக்கக் கேள்விப்பட்டது. அதிலும் தனகோட்டி அண்ணன் சொல்வது ஒரு மாதிரி இருக்கிறது, அவர் வீட்டுக்காரம்மா அஞ்சலையக்கா சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. எது யார் சொன்னது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூல் வேண்டாம், பெயிண்ட் காயவில்லை. டீ சொல்லியிருக்கிறேன். அண்ணன் கிழங்கு மாவு எடுக்க ஆத்தூருக்குப் போயிருக்கிறார். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "செஞ்சிப் பக்கத்துல இருந்து ஒரு சார் வருவாரு. அவரும் நம்மள மாதிரி புள்ளையார் செய்யறவரு. இருநூறு லிட்டர் பெயிண்ட் கேட்டிருக்காரு. நல்லா இருக்குமான்னு கேப்பாரு, ஆமான்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

நீங்கள் வந்ததும் கேட்டீர்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சொன்ன வேலை அதோடு முடிந்தது. இனிமேல் சொல்வது நானாகச் சொல்வது.

இந்தப் பட்டறையில் பத்து வருடமாகக் காகிதக் கூழிலும் கிழங்கு மாவிலும்தான் பிள்ளையார் செய்கிறார்கள். உடம்பு கரைவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை பெயிண்ட். முன்பு எனாமல் அடித்தார்கள், பளபளவென்று இருக்கும். அது கூடாது, தண்ணீரில் கரைகிற, விஷமில்லாத வண்ணம்தான் அடிக்க வேண்டும் என்று விதி வந்தது. அண்ணன் விதியை மீறுகிற ஆள் இல்லை சார். தண்ணீரில் கரைகிற வண்ணமே வாங்கி அடித்தார். போன வருடத்துக்கு முந்தின வருடம், சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மழை. தார்ப்பாய் போதவில்லை. மழை விட்டதும் பார்த்தால் வரிசையாக எல்லாப் பிள்ளையாரும் ஒரே நிறம். துடைத்த கரும்பலகை நிறம். கண்ணிலிருந்து மட்டும் நீலமாக ஒரு கோடு இறங்கியிருந்தது என்று அஞ்சலையக்கா சொல்வார். வாங்க வந்தவர்கள் வண்டியை விட்டே இறங்கவில்லையாம்.

நான் அப்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஜெராக்ஸ் கடைக்கு எதற்கு எம்.எஸ்சி. என்று எங்கள் அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன் மனு டைப் அடிக்க வந்தார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'மழையில் கரையாததும் குளத்தில் கரைவதுமான பெயிண்ட் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை உயர்திரு அதிகாரி அவர்கள் தெரிவிக்க வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அதை அடித்து முடித்துவிட்டு, "அது முடியும்ணா" என்றேன்.

நான் எதையும் யோசிக்காமல் சொல்கிறவள் இல்லை சார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்ப்பேன். யோசிக்காமல் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அண்ணன் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீ எங்க டீச்சர் தங்கி இருக்க?" என்றார். படித்தவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து நான் இந்தப் பட்டறையில் இருக்கிறேன்.

முடியும் என்று எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்பீர்கள். மாத்திரைதான் காரணம். சில மாத்திரைக்கு மேலே அரக்குப் பூசுவார்கள். வயிற்றில் இருப்பது புளிப்பு, அதில் அரக்குக் கரையாது. குடலுக்குப் போனதும் கரையும், அங்கே புளிப்பு இல்லை. மழையும் கொஞ்சம் புளிப்புதான் சார். எங்கள் வீட்டு மாடியில் குண்டான் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். இதோ, பேனா மாதிரி இருக்கிறதே, இந்த மீட்டர்தான். ஏழு என்று காட்டினால் நடு. ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே போகப் போகச் சோடா மாதிரி, சோப்பு மாதிரி. மழை ஐந்தே முக்கால் காட்டியது. பட்டறைக்குப் பின்னால் பெரிய குளம் இருக்கிறதல்லவா, அங்கேதான் எப்போதும் கரைப்பார்கள். அது ஒன்பதே கால். நோட்டைத் திறந்து பெரிய எழுத்தில் எழுதினேன். மழையில் நிற்கும், குளத்தில் கரையும். அரக்கை அமோனியாவில் கரைத்துப் பூசினால், காயும்போது அமோனியா பறந்துவிடும், அரக்கு மட்டும் நின்றுவிடும். நிறத்துக்கு மஞ்சள், காவி, நீலத்துக்கு அவுரி.

முதலில் செய்ததில் ஒரு தப்பு நடந்தது. தந்தத்துக்கு வெள்ளை வேண்டும் என்று சுண்ணாம்பு அடித்துவிட்டேன். உடம்பெல்லாம் மஞ்சள். மறுநாள் காலையில் அஞ்சலையக்கா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, உன் புள்ளையாரு வெத்தல போட்டிருக்காரு, வந்து பாரு" என்றார். வாயைச் சுற்றிச் சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரியும். எம்.எஸ்சி. படித்த எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் வெள்ளைக் களிமண்ணுக்கு மாறினேன்.

மழைக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன். நின்றது. பெரிய குளத்துத் தண்ணீரில் நாற்பத்திரண்டு தடவை கரைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்தில் கரைந்தது. நோட்டில் எழுதியிருக்கிறேன், பார்க்கிறீர்களா? சரி, அப்புறம் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் ஏன் செய்து பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். குழாயில் யாரும் பிள்ளையாரைக் கரைப்பதில்லை சார். உண்மையான குளத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்று மட்டும் நடந்தது. பிரஷ் கழுவுகிறது அஞ்சலையக்காவின் வேலை. "பச்சத் தண்ணியில பிரஷ்ல இருந்து போவவே மாட்டுது பாப்பா" என்று ஒரு நாள் சொன்னார். நான் நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா போடுங்கக்கா, போயிடும்" என்றேன். போட்டார். போய்விட்டது. நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ரெஜினா மேடம் வந்தார். அவர்தான் இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் இன்ஜினியர். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். என் நோட்டை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் கரைக்கிற அன்னைக்கு நேர்ல பாக்கணும். அரை மணி நேரத்துல நிறம் விடணும். விடலன்னா அடுத்த வருஷம் இந்தப் பட்டறைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். அண்ணன் முகத்தில் அன்றைக்குப் போன ரத்தம் சதுர்த்தி வரைக்கும் திரும்பி வரவில்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது சார். எனக்கும் திரும்பிப் போக ஜெராக்ஸ் கடை இல்லை, அங்கே வேறு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள்.

போன வருடம் சதுர்த்திக்கு முன்னால் மூன்று மழை பெய்தது. ஒரு பிள்ளையாரும் கலங்கவில்லை. அண்ணன் தார்ப்பாயையே மடித்து வைத்துவிட்டு, மழையில் நின்று வருகிற போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கரைக்கிறதற்கு நான்கு நாள் முன்னால் புது அறிவிப்பு வந்தது. பெரிய குளம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது, இனி அதில் கரைக்கக் கூடாது. குளத்துக்குப் பக்கத்திலேயே தொட்டி வெட்டி, உள்ளே தார்ப்பாய் விரித்து, டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவார்கள், அதில்தான் கரைக்க வேண்டும். படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன் சார். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன், தேதி போட்டு: 'நல்ல ஏற்பாடு. தண்ணீர் சுத்தம். இன்னும் வேகமாகக் கரையும்.' அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. கிழிக்கவில்லை.

கரைக்கிற அன்றைக்கு நான் போகவில்லை. அரசுத் தேர்வு இருக்கிறது என்று சொன்னேன். தேர்வு இருந்தது. ஆனால் அது காலையில். கரைத்தது சாயங்காலம். வீட்டில் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் சொல்வது அவர்கள் சொன்னது.

முதல் பிள்ளையார் நம்முடைய ஏழடி மஞ்சள் பிள்ளையார். பின்னால் டிராக்டரில் பதினொரு பேர் காத்திருந்தார்கள், எல்லாம் நம் பட்டறைப் பிள்ளையார்தான். மேளம் அடித்து, கற்பூரம் காட்டி, எட்டுப் பேர் தூக்கித் தொட்டியில் இறக்கினார்கள். ரெஜினா மேடம் கரையில் நின்று வாட்சைப் பார்த்தார்.

பத்து நிமிடம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையார் இடுப்பளவு தண்ணீரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அப்படியே இருந்தார். உள்ளே கூழ் ஊறாமல் அரக்கு தடுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு நிற்க வேண்டும் என்று செய்தோம் அல்லவா, நின்றது. கழுவின மாதிரி இன்னும் பளிச்சென்று ஆகிவிட்டாராம்.

விழாக் குழுப் பையன் ஒருத்தன் கேட்டானாம்: "இன்னாண்ணா, உங்க சாமி குளிக்க வந்த மாதிரி உக்காந்துனுகிறாரு?"

"இருடா. ஊறணும் இல்ல."

"ஊறுனா நெறம் போவும்னு பாத்தா, ஏறுது."

இருபது நிமிடம் ஆனது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். பார்க்கிறவர்களுக்கு அபிஷேகம் செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று, மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையார் தொந்தியைக் கையால் தேய்த்தாராம். தேங்காய் நார் கேட்டாராம். மேடம் கரையிலிருந்து, "தேய்க்கக் கூடாதுங்க, தானா கரையணும்" என்றாராம். அண்ணன் அப்படியே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

இதற்கு மேல்தான் இரண்டு பேர் சொல்வதும் பிரிகிறது.

அண்ணன் சொல்வது: "மனசார கேட்டன் டீச்சர். அப்பா, பத்து வருஷமா உன்னத்தான் செய்யறன், எனக்கு வேற இன்னா தெரியும், என்ன உட்றாதன்னு கேட்டன். கண்ணத் தொறந்து பாக்கறன், சாமி செவக்கறாரு."

அஞ்சலையக்கா சொல்வது: "அவரு கேட்டுக்கினு இருந்தாரு. நான் கொட்டிக்கினு இருந்தன்."

அஞ்சலையக்கா பள்ளிக்கூடம் போனதில்லை சார். கரையில் நின்று யோசித்திருக்கிறார். பிரஷ்ஷில் இருப்பதும் அதே பெயிண்ட், சாமி மேல் இருப்பதும் அதே பெயிண்ட், பிரஷ்ஷில் போவது எதனால்? வண்டியில் பிரஷ் கழுவ வைத்திருந்த மூன்று கிலோ சோடாப் பையை எடுத்துப் பூஜைத் தாம்பாளத்தில் கொட்டி, மேலே பொரியும் அருகம்புல்லும் தூவி, கூட்டத்தில் வழி விடச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். "இன்னாக்கா அது?" என்று யாரோ கேட்டதற்கு, "வேண்டுதல்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுப் பிள்ளையாரைச் சுற்றிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

முதலில் தொந்தி சிவந்தது. பிறகு துதிக்கை. மஞ்சள் சோடாவில் பட்டால் சுண்ணாம்பில் பட்ட மாதிரிதான் சார், சிவக்கும். அதோடு அரக்கும் இளகி, தண்ணீர் உள்ளே புகுந்து, பிள்ளையார் மெதுவாகத் தலை சாய்த்து உட்கார்ந்தாராம். தொட்டி முழுக்க ஆரத்தித் தண்ணீர். சாமி தனக்குத்தானே ஆரத்தி கரைத்துக்கொண்டார் என்று யாரோ ஒரு பாட்டி சொல்ல, கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டீ குடிக்கப் போன மேளக்காரர்கள் ஓடி வந்தார்கள். குடத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகப் பார்த்தவர்களை நிறுத்துவதற்குள் அஞ்சலையக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

இருபத்தெட்டு நிமிடம். ரெஜினா மேடம் எழுதிக்கொண்டார். பிறகு தொட்டியைக் காட்டி, "இது என்ன சிவப்பு?" என்று கேட்டார்.

"மஞ்ச மேடம்" என்றார் அண்ணன்.

"மஞ்சள் எப்படிங்க சிவப்பாகும்?"

அஞ்சலையக்கா உள்ளே புகுந்தார். "உங்க ஊட்டுல ஆரத்தி எதுல மேடம் கரைப்பீங்க? மஞ்சளும் சுண்ணாம்பும்தான?"

"ஆமா, எங்க வீட்லயும் அதான். சரி, இங்க சுண்ணாம்பு யாரு போட்டது?"

அஞ்சலையக்கா தாம்பாளத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாராம். மேடம் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, மூடி, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டிராக்டரில் காத்திருந்த பதினொரு பேரும் அதே தண்ணீரில் கரைந்தார்கள்.

மறுநாள் நான் வந்தபோது அண்ணன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலியான சோடாப் பையைக் காட்டினார். மீட்டரை எடுத்துக்கொண்டேன். நேராகத் தொட்டிக்குப் போய் மிச்சமிருந்த தண்ணீரை அளந்தேன், ஒன்பதே கால். கரையில் நின்ற டேங்கரில் அளந்தேன், ஏழு. நல்ல தண்ணீரில் என் பெயிண்ட் கரையாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ரெஜினா மேடம் பட்டறைக்கு வந்தார். அண்ணன் இல்லை. இன்றைக்கு மாதிரியேதான், நான் மட்டும் இருந்தேன். மேடம் வாசல்படி ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். அரக்கு, மாத்திரை, மாடியில் வைத்த குண்டான், நாற்பத்திரண்டு சோதனை, சோடா மூன்று கிலோ, தேர்வு காலையில்தான் இருந்தது என்பது, போனை அரிசி டப்பாவில் வைத்தது, எல்லாம் சொல்லி முடித்தேன்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியேம்மா" என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "பெரிய குளத்துல ஒன்பதே கால் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஏன் அவ்வளவு இருக்குன்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை சார். அந்தக் குளத்தில் நான்கு தெருத் துணி துவைக்கிறார்கள். லாரி கழுவுகிறார்கள். தண்ணீரே தெரியாத அளவுக்குப் பாசி, பாசி அதிகமானால் வெயிலில் இன்னும் ஏறும். எல்லாம் தெரியும். தினமும் அந்தக் கரையில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கு ஒன்பதே கால் என்பது ஒரு நல்ல நம்பராக மட்டும்தான் தெரிந்தது.

"அப்ப உங்க பெயிண்ட் நல்லா வேலை செய்யணும்னா, குளம் நல்லா கெட்டுப்போயிருக்கணும்" என்றார் மேடம்.

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. நான்தான் அழுதேன். அஞ்சலையக்கா உள்ளேயிருந்து வந்து, "புள்ளய அழ வெக்காதீங்க மேடம், சோடாவ போட்டது நானு" என்றார்.

"தெரியும்மா. தாம்பாளத்துல வெள்ளையா இருந்தத நானும் பாத்தேன்" என்றார் மேடம்.

கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார். பெயிண்டில் விஷம் இல்லை, தண்ணீர் சரியாக இருந்தால் நிறம் விடுகிறது, அதற்குமேல் இல்லாததை இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. எந்தத் தண்ணீரில் கரையும் என்று டின் மேல் எழுத வேண்டும். வெளியே கொடுப்பதாக இருந்தால், வாங்குகிறவர் எங்கே கரைக்கப் போகிறாரோ அந்தத் தண்ணீரை முதலில் பார்க்க வேண்டும். டின் மேல் எழுதியிருக்கிறோம் சார். எங்கே என்று தேடாதீர்கள், அண்ணன் அடியில் ஒட்டியிருக்கிறார். டின்னைக் கவிழ்த்தால் தெரியும்.

இரண்டாவது நிபந்தனைக்காகத்தான் போன வாரம் உங்களுக்குப் போன் செய்தேன். அண்ணனுக்குத் தெரியாது. எங்கே கரைப்பீர்கள் என்று கேட்டேன், எங்கள் ஊர் ஏரியில்தான், அங்கேதான் அனுமதி என்றீர்கள். உங்கள் ஏரி அழுக்காக இருக்குமா சார் என்று கேட்டேன். நீங்கள் கோபப்பட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். கேட்ட விதம் தப்புதான். அதை வேறு எப்படிக் கேட்பது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஒரு யோசனை சொன்னார். பெயிண்டோடு ஒரு பை சோடாவும் கொடுத்துவிடு, வேண்டுதல் என்று போட்டுக்கொள்வார்கள் என்றார். தொட்டி என்றால் பிறகு சரிசெய்துவிட்டு வெளியே விடலாம். ஏரியில் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழிலேயே கரைகிற மாதிரி ஒன்று செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் பதினாறு தடவை. ஏழில் கரைகிறது. மழையிலும் கரைகிறது. இந்த வருடத்துக்குள் முடியும் என்று சொல்ல மாட்டேன். முடியும் என்ற வார்த்தையை இப்போது நான் பயன்படுத்துவதில்லை.

டீ ஆறுகிறது சார், குடியுங்கள். அண்ணன் வந்தால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். செஞ்சியில் பஸ் மாறி, ஏரிக்கரையில் இறங்கினேன். காலை பத்து மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று, மதகுப் பக்கத்திலும் கோயில் படித்துறைப் பக்கத்திலும் அளந்தேன். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று திரும்ப ஒரு தடவை பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்று. ஏழு புள்ளி மூன்று. அடியில் மணல் தெரிந்தது. நீங்கள் போனில் சொன்னது சரிதான் சார், உங்கள் ஏரி சுத்தமாகத்தான் இருக்கிறது.